முன்னறையில் இருந்த உனக்கு

இன்று காலை வறைக்கு முட்டைக்கோவா அரிந்தேன். மேல் இலையை உரித்தபோது அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறியது. கத்தியைக் கீழே வைத்தேன். மூன்று வருடமாகியும் கோவா எனக்கு வெறும் மரக்கறியாக மாறவில்லை. ஃபிரிட்ஜில் குளிர்ந்து, நரம்பு நசுக்கப்பட்டு, என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற இலைதான் அது. அதை அங்கே வைத்தவள் நீ.

"வார்ட்டில இதைத்தான் வைக்கினம். சிரிக்காதை, சிரிச்சா விழும்" என்றாய்.

நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

அப்போது உன்னை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தாய். என் வயதுதான். ஏஜென்சி மூலமாக ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்ட்டைத் துடைக்கும் வேலை. விடியப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவாய், குசினியில் உன் தேத்தண்ணீரைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விடுவாய். என் மாமியாருக்கு நீ 'முன்னறைப் பெட்டை'. உன் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறேன்.

மகள் பிறந்து ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அவளைத் தராசில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். இன்னொரு முறை வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையின் எடையைக் குறிக்கிற சிவப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எடை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை தாய்சேய் சென்டருக்குக் கொண்டு வா, திரும்ப நிறுப்போம். ஏறாவிட்டால் பிள்ளையை வார்ட்டில் சேர்க்க வேண்டும். கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

அவளில் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று அவளுக்கு அட்டவணை போட்டவர்கள் மீதுதான். பிரசுரத்தின் முன்பக்கத்தில் ஒரு தாய் பால் கொடுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த உதவி எண்ணுக்கு அழைத்தேன். இசை போட்டார்கள். மகள் அழுதாள், இசை ஓடியது, நானும் அழுதேன், போனை வைத்தேன்.

நெஞ்சு இரண்டும் கல்லாய் இறுகியிருந்தன. காம்பு வெடித்திருந்தது. மகளோ இரண்டு தரம் சப்பிவிட்டு நித்திரையாகிவிடுவாள். "பால் இல்லையெண்டா என்ன செய்யிறது பிள்ளை. எங்கட பக்கத்தில ஆருக்கும் இப்பிடி வந்ததில்லை" என்றார் மாமி. அவர் பொல்லாத மனுசி அல்ல. சரக்கரைத்துக் கறி வைத்து, பால் ஊறும் என்று சுறா வறை செய்து, வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி என்னைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தார். அதுதான் சிக்கல். அடக்கி ஆளுகிறவர்களோடு சண்டை பிடிக்கலாம். அன்போடு பிழை செய்கிறவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

இரண்டு மணிக்கு நீ வந்தாய். வாசலிலேயே நான் அழுவது கேட்டிருக்க வேண்டும். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, "காட்டு" என்றாய். காட்டினேன்.

"எடி, பால் இல்லாதவளுக்கு நெஞ்சு கல்லாகுமே? உனக்குப் பால் கட்டி நிக்குது. குடிக்கத்தான் ஆளில்லை."

நான்கு வருடம் திரைச்சீலைகளுக்குப் பக்கத்தில் மொப் போட்டவள் நீ. உள்ளே மிட்வைஃப்மார் தாய்மாருக்குச் சொன்னதெல்லாம் உன் காதில் விழுந்திருந்தது. கோவா இலையால் நோவு கொஞ்சம் தணிந்ததும், கையால் சிறிது பீய்ச்சி இளக்கச் சொன்னாய். மகளின் வயிறு என் வயிற்றில் படும்படி திருப்பினாய். காம்பு அவள் மூக்குக்கு நேரே இருக்க வேண்டும், கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும்வரை பொறுக்க வேண்டும் என்றாய். நான் பொறுக்காமல் அவள்மேல் கவிழ்ந்தேன். தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தாய்.

"நீ குனியாதை. பிள்ளையை உன்னட்டைக் கொண்டுவா."

பிள்ளையோ வாய் திறக்கவேயில்லை. விருந்து சாப்பிட்டவள் மாதிரி நித்திரை. நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அவளுடைய உதட்டோரத்தை விரலால் தொட்டு, அந்த விரலை நாக்கில் வைத்தாய். எழுந்து குசினிக்குப் போனாய்.

சுவருக்கு அப்பால் உன் குரல் கேட்டது. "அன்ரி, பிள்ளைக்கு ஆர் கற்கண்டுத் தண்ணி குடுக்கிறது?"

"நான்தான். ஏன்? வாய் காயக் கூடாதெல்லே. ரெண்டே ரெண்டு கரண்டி."

"ஒரு நாளைக்கு எத்தினை ரெண்டு கரண்டி?"

மாமி குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"அந்தச் சின்ன வயித்தைத் தண்ணியால நிரப்பினா அது ஏன் பாலுக்கு வாய் திறக்கும்? பிள்ளை மெலியுது அன்ரி. செவ்வாய்க்கிழமை வார்ட்டில கிடத்தப் போயினம்."

"நான் அஞ்சு பெத்தனான். நீ எத்தினை பெத்தனி?"

உனக்குப் பிள்ளை இல்லை என்பது மாமிக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்டும் இல்லை அன்ரி. ஆனா நான் துடைக்கிற இடத்தில நாளாந்தம் பெறுகினம்."

கற்கண்டுப் போத்தலை எடுத்துக்கொண்டுபோய் உன் அறைக்குள் வைத்துப் பூட்டினாய். யாருடைய வீட்டில் யார் பூட்டுப் போடுவது! பின்னேரம் மகள் உண்மையான பசியோடு எழும்பினாள். வாயை அகலத் திறந்தாள். முதலில் ஊசி குத்தியதுபோல் ஒரு வலி, பிறகு அது தணிந்தது, பிறகு ஒரு சின்னச் சத்தம்.

"கேக்குதே? விழுங்குறாள். இந்தச் சத்தத்துக்குக் காது குடு. தராசைச் செவ்வாய்க்கிழமை பாப்பம்."

செவ்வாய்க்கிழமை காலை அடுத்த தடை. "பிள்ளை பெத்த துடக்கோட வெளிக்கிடக் கூடாது. முப்பத்தொராம் நாள் கழியட்டும்" என்று மாமி வாசலில் நின்றார்.

"துடக்கோட வார்ட்டுக்குப் போகலாம், சென்டருக்குப் போகக் கூடாதோ அன்ரி?" என்று கேட்டபடி நீ பிள்ளையின் தொப்பியை இழுத்துவிட்டாய். அன்றைய ஷிப்டை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாய். வழி நெடுக நான் மகளின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். அவளை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவேனோ என்ற ஒரே நினைப்பு.

தராசில் எண் ஏறியிருந்தது. பெரிதாக அல்ல. ஆனால் போதும் என்றார்கள்.

பக்கத்து அறையில் தாய்மார் வட்டமாக இருந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், இத்தனை பேருக்கும் ஒரே ஒரு தொண்டர். அந்தப் பெண் உன்னைப் பார்த்து நீ என் அக்காவா என்று கேட்டாள். "இல்லை, கிளீனர்" என்றாய். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை, மகள் என் நெஞ்சில் இருக்கும்போது, சுவருக்கு அப்பால் மாமியின் குரல் கேட்டது. "மாத முடிவோட அறையை விடு பிள்ளை. என்ர தங்கச்சி வாறா."

தங்கச்சி ஒருவரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். 'மாமி, அவள் போகக் கூடாது' என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சத்தம் போட்டால் பிள்ளை வாயை எடுத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தேன். கணவரிடம் சொன்னபோது, "அம்மாவோட ஆர் கதைக்கிறது? அவள் வேற இடம் எடுப்பாள்" என்றார். அவரும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

போகிற அன்று கற்கண்டுப் போத்தலைக் குசினித் தட்டில் திரும்ப வைத்தாய். என் அறைக்கு வந்தாய். நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன் நீ முந்திக்கொண்டாய். "பிள்ளை குடிக்கேக்க அழாதை. தோள் இறுகும்."

சட்டனில் ஒரு அறை கிடைத்தது உனக்கு. அங்கிருந்து அதே வார்ட்டுக்கு நகரத்தைக் குறுக்கே கடந்து வந்துகொண்டிருந்தாய். போனில் இருமல் கேட்டது. டொக்டரிடம் போகச் சொன்னேன். "ரெண்டு நாள் படுத்தா ஷிப்டை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்கள்" என்றாய். காய்ச்சலோடு மூன்று நாள் துடைத்தாய். நாலாம் நாள் விழுந்தாய். நியூமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீ உயிரோடு திரும்பவில்லை. உன் அறைச் சுவர் முழுக்கப் பூஞ்சணம் என்று உன்னோடு இருந்த பெண் எனக்குப் பிறகு சொன்னாள். செய்தி கேட்ட மாமி, "ஐயோ, நல்ல பெட்டை" என்றார். அப்போதும் பெயர் சொல்லவில்லை.

பிள்ளைகள் பிறக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தவளுக்குப் படுத்தெழும்ப இரண்டு நாள் கொடுக்கவில்லை. ஏஜென்சியைத் திட்டலாம், அந்த அறையை வாடகைக்கு விட்டவனைத் திட்டலாம், திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முன்னறையிலிருந்து உன்னை அனுப்பியது அவர்கள் அல்ல.

இப்போது செவ்வாய்தோறும் அந்த வட்டத்தில் நானும் தொண்டர். கோவாவைப் பாதி அரிந்தபடியே விட்டுவிட்டு இன்றும் போனேன். ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை வந்திருந்தாள், பிரசவமாகிப் பத்து நாளும் இராது. "அக்கா, எனக்குப் பால் இல்லை. நிறை இறங்கிப் போச்சாம்." மேற்சட்டை நனைந்திருந்தது. மடியில் பிள்ளை ஆழ்ந்த நித்திரை. பின்னால் கோட்டைக் கழற்றாமல் மாமியார் நின்றார், பையில் ஒரு சின்னப் பிளாஸ்க்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை ஒட்டியதைப் போலவே. நல்ல மனுசி, மருமகளின் தோளில் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அன்ரி, பிள்ளைக்கு ஆர் கற்கண்டுத் தண்ணி குடுக்கிறது?"

என் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவர் பிளாஸ்கைப் பையின் அடியில் தள்ளினார். "ஏன் கேக்கிறீர்? நீர் எத்தினை பெத்தனீர்?"

"ஒண்டுதான் அன்ரி. அதுவும் இதே தண்ணியால போகப் பாத்தது. ஒருத்திதான் பிடிச்சுத் தந்தவள். இருங்கோ, சொல்லுறன்."

அவருக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இருந்தார். உன் பெயரைச் சொல்லித் தொடங்கினேன்.