முதுகுவலி என்று சொன்னது

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. ரெண்டு வாயாவது சாப்பிடுங்கள். இன்றைய மாத்திரையை மட்டும் தட்டோரம் வைத்திருக்கிறேன். மீதியெல்லாம் என் பையில். கோபப்பட வேண்டாம், பயத்தில்தான் எடுத்துப்போகிறேன்.

மனநல டாக்டரிடம் டோக்கன் வாங்கப் போகிறேன். பதினொரு மணிக்கு உங்கள் அக்கா வருவார். நான் திரும்பும்வரை கூட இருப்பார்.

ஊருக்கெல்லாம் முதுகுவலி என்று சொல்லிவைத்தவள் நான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு முதுகுவலி என்றால் யார் மறுகேள்வி கேட்பார்கள்? ஆனால் அந்தப் பொய்க்காக, ஆள் வந்தாலே நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள்.

"நாலு பேர் பைத்தியம்னு சொன்னா தாங்குவீங்களா?" என்று நேற்று கத்தினேன்.

"நான் தாங்குவேன். நீதான் தாங்கமாட்டே" என்றீர்கள்.

உண்மைதான். அதனால் காலையில் அக்காவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "முதுகுக்குன்னு தைலம் வாங்கிட்டேனே, அதை என்னடி பண்றது?" என்றார்.

வாசல் கதவுச் சாவி செருப்புப் பெட்டிக்குள் இருக்கிறது.

இன்னொன்று. குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்து விழவில்லை. நான்தான் கழற்றினேன்.

அக்கா மணி அடித்ததும் நீங்களே போய்த் திறங்கள். குனிந்து நடக்க வேண்டாம்.