நாலு மணி வெயில்

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. என் பெண் போய் ஐந்து மாதம்தானே ஆகிறது.

கூடத்தில் அவள் வரைந்து மாட்டிய உங்கள் படம் நாளுக்கு நாள் வெளுப்பாகத் தெரிகிறது, கண்ணில் புரை விழுந்திருக்கும், டாக்டரிடம் காட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போக வேண்டாம். உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அவள் என்னையும் வரைந்தாள். நாலு தடவை. ஒன்றும் தேறவில்லை. வாட்டர் கலரில் முகம் வரைவது பொல்லாத வேலை. ஈரத்தில் கன்னம் சரியான நிறமாக இருக்கும், காய்ந்தால் வெளுத்துவிடும். மேலே இன்னொரு பூச்சு பூசினால் அடியில் இருப்பதும் கரைந்து சேறாகிவிடும். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றித் தாளுக்கே தோல் உரிந்துவிட்டது. கண்ணில் மினுக்குக்கு வெள்ளை வைக்கக் கூடாதாம், அந்தப் பொட்டு இடத்தைப் பூசாமல் விட வேண்டுமாம். என் படத்தில் விட மறந்துவிட்டாள். கதவடைத்த கடை மாதிரி இருந்தேன்.

“நீ வாயை மூடும்மா, பேசப் பேச முகம் மாறுது” என்பாள். உன் மாமியார் வாயே திறக்கவில்லையாக்கும் என்று கேட்டேன். “அவங்க பாட்டுக்குப் பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, ஒரே மூச்சில வந்துடுச்சு” என்று சிரித்தாள். இருபத்து நாலு வருஷம் பார்த்த முகம் வரவில்லை, இரண்டு வருஷம் பார்த்தது வந்துவிட்டது. அன்றைக்கு அவளோடு நான் சரியாகப் பேசவில்லை.

அவள் போனபின் உங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் அந்தப் படத்தை நேரில் பார்த்தேன். அதில் நீங்கள் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறீர்கள். கண்ணோரம் சிரிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. நாலு மணிக்கு ஜன்னல் வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. “வெயில் பட்டா முதல்ல ரோஸ்தாம்மா ஓடிப்போகும், அப்புறம் முகம் செத்துடும்” என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். தெரிந்தும், நீங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். வெளுத்துப் போகட்டும் என்றுதான் விட்டேன். அப்புறம் தினமும் நாலு மணி ஆனால், இந்நேரம் அங்கே வெயில் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான், அழிவது அவள் கைவேலை என்று உறைத்தது. அவள் இனி ஒன்று வரையப்போவதில்லை.

மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றுங்கள். உள்ளறையில் பீரோ பக்கத்துச் சுவருக்கு வெயில் வராது. போன சிவப்பு திரும்பாது, இருக்கிற மட்டும் இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் காரணத்தைச் சொல்வது உங்கள் இஷ்டம்.

நீங்கள் நெடுநாள் சுகமாக இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். மாட்டியதும் ஒரு வரி போடுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

உங்கள் மருமகளின் அம்மா