டை கட்டிய தக்காளி

அக்டோபர் 9

இல்லை அத்தை, பூசணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தரையிலேயே கிடக்கிற சோம்பேறி. புயல் அதை மிதிக்காமல் தாண்டிப் போய்விட்டது. நிமிர்ந்து நின்றவர்களுக்குத்தான் அடி. அவரைப் பந்தல் அப்படியே எழுந்துபோய் மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் வீட்டுப் போர்வை நம் கீரைப் பாத்தியில். காலையில் அவர் அதைக் கேட்டு வந்தார். தூக்கிப் பார்த்தால், கீரை அத்தனையும் பத்திரம்.

"இருக்கட்டும்மா, அதுக்குக் குளிருது போல. பந்தலக் கழட்டிக் கொண்டுவந்து தரேன்" என்றார்.

தக்காளிதான் மொத்தமும் சாய்ந்துவிட்டது. குச்சி இருந்தது, கட்டக் கயிறு இல்லை. கடைகள் திறக்கவில்லை. உங்கள் மகன் அலமாரியில் விட்டுப்போன டைகள் ஞாபகம் வந்தன. விவாகரத்தின்போது இரண்டு பேருமே கேட்காத பொருள். தோட்டம் இப்போது ஆபீஸ் மீட்டிங் மாதிரி இருக்கிறது.

எழுதியிருக்கக் கூடாதோ? எழுதிவிட்டேன்.

உதிர்ந்த காய்களை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். பழுத்ததா என்று தினமும் அழுத்திப் பார்க்கிறேன். நீங்கள் இருந்தால் திட்டுவீர்கள்.

உங்கள்
வாலு

அக்டோபர் 15

அடி வாலு,

போனில் பேசினால் அவன் காதில் விழும். அதனால்தான் மறுபடியும் கடிதம். டை விஷயத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்ச் சிரித்தேன். "உள்ள என்னம்மா சத்தம்?" என்றான். இருமல் என்றேன். நீலக்கோடு போட்டது நான் வாங்கிக் கொடுத்தது, நல்ல துணி. அதைக் கனமான செடிக்குக் கட்டு.

காயை அழுத்தாதே.

நேற்றுச் சாப்பிடும்போது, பூண்டு நடும் நேரம் வந்துவிட்டது, ஒரு வாரம் உன்னிடம் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

"எல்லாம் முடிஞ்சு போச்சு. இனிமே அங்க உனக்கு என்னம்மா வேலை?"

"விவாகரத்து பண்ணிக்கிட்டது நீங்க ரெண்டு பேரு. என்னை யாருடா கேட்டீங்க?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். படுத்தால் பயமாக இருக்கிறது. அவன் கேட்டது சரிதானோ? உனக்கு நான் பாரமென்றால், வேண்டாம் என்று ஒரு வரி எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன். அதன்பிறகு கடிதமும் போட மாட்டேன். அது கோபத்தால் இல்லை.

அத்தை
(வேறென்ன போட?)

அக்டோபர் 20

அத்தைக்கு,

வேண்டாம் என்றுதான் முதலில் எழுதினேன். நிஜமாகவே. நீங்கள் வந்தால் கூடவே அவரும் வருவார். உங்கள் மூக்கே அவர் மூக்கு, அதை எங்கே வைத்துவிட்டு வருவீர்கள்?

எழுதியதை ஒருமுறை படித்தேன். யாரோ எழுதியது மாதிரி இருந்தது. கிழித்தேன்.

வாருங்கள். ஒரு நிபந்தனை. அவரைப் பற்றிப் பேசக்கூடாது.

உங்களால் முடியாது, தெரியும். சரி. பூண்டு நடும்போது மட்டும் பேசலாம். இரண்டு பேரும் குனிந்திருப்போம். முகம் பார்க்க வேண்டியதில்லை. நிமிர்ந்ததும் வேறு பேச்சு.

நான்கு வரிசை போதும். அதற்கு மேல் என்னால் கேட்க முடியாது.

வாலு

பி.கு.: உறையை ஒட்டும் முன் எழுந்துபோய், உங்கள் அறை மெத்தையை வெயிலில் போட்டேன்.