பெரிய பெட்டியில் கேட்டேன்

உன் தோல் உறையின் வாசனை இன்னும் போகவில்லை. மகள் செம்பூர் வீட்டுக்குப் புதிதாக ஆளுயர ஸ்பீக்கர்கள் வாங்கி வந்திருக்கிறாள். போட்டுப் பார்க்கப் பழைய இசைத்தட்டு ஏதாவது கொடு என்றாள். அலமாரியின் அடியிலிருந்து நம்முடையதை எடுத்தேன். "அட்டையில போட்டா எல்லாத் தட்டு மாதிரியும் இருக்கும்ல" என்று, தாராவியில் உன் வாப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து நீயே ஆட்டுத்தோலில் தைத்த உறை. பிரித்ததும் அறுபதுகளின் கடைசி வருடங்கள் மூக்கில் ஏறின.

எப்படிப்பட்ட கிறுக்கு ராக் தட்டு அது! பாடகன் கிடையாது. தாளத்துக்குத் தோல் தட்டும் மரக் கொட்டாப்புளி. மற்றதெல்லாம் உன் பேஸ் கிதார். என் பங்கு ஒரே ஒரு மெட்டு. வாழ்க்கையில் நான் போட்டதே அது ஒன்றுதான். ஒத்திகையில் நான் அதை என் கிதாரில் வாசிக்கும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாய்.

தட்டு வந்த அன்று மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சின்ன ரெக்கார்ட் பிளேயரில் போட்டேன். கொட்டாப்புளி மட்டும் டொக்டொக்கென்றது. என் மெட்டைக் காணோம். நேரே பட்டறைக்கு வந்தேன்.

"என் கிதாரைத் தூக்கிட்டியாடா?"

"ஆமால. ஊடால நின்னுக்கிட்டு வழிய மறிச்சிச்சு."

"அது என் மெட்டுடா!"

"காலிபீலி சும்மா கத்தாத அய்யரே. பெரிய பொட்டியில போட்டுக் கேளு. அப்புறமா வந்து சண்டை போடு."

பெரிய ஸ்பீக்கர் வைத்த பெட்டி உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. குமாஸ்தா மகனைத் தோல் வியாபாரி மகன் குத்திக்காட்டுகிறான் என்றே எடுத்துக்கொண்டேன். அதன்பின் தட்டைத் தொடவில்லை. சயான் ஸ்டேஷனில் நீ கைகாட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ இறந்துவிட்டாய் என்று சொல்லியனுப்பியபோதும் வரவில்லை. என்னை ஏமாற்றியவர்களின் வரிசை நீளம். அதில் முதல் ஆள் நீ.

இன்று மகள் ஊசியை வைத்தாள். தரை அதிர்ந்தது. அந்த அதிர்விலிருந்து மெதுவாக என் மெட்டு எழுந்தது, உன் பேஸில். ஒரு பக்கம் முழுக்க, ஒரு சுரம் பிசகாமல், அதையேதான் வாசித்திருக்கிறாய். எங்கள் சின்னப் பெட்டியால் அந்த அடிக்குரலை எழுப்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

"அப்பா, இந்த டியூன் யாரோடது? நன்னா இருக்கே."

"என்னோடது" என்றேன்.

கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே. அன்றைக்கே என் கையைப் பிடித்து உங்கள் கூடத்துக்கு இழுத்துப் போயிருக்கலாம். பட்டறைக்கு மேல்மாடிதானே. நீ சொன்னபடியே கேட்டுவிட்டேன். சண்டை போடத்தான் ஆள் இல்லை.

தட்டு நின்று வெகுநேரமாகிறது. என் விரல்கள் நாற்காலிக் கையில் அந்த மெட்டைத் தட்டிக்கொண்டிருக்கின்றன, உன் வேகத்தில், கனமாக, கொஞ்சம் பின்தங்கி.