நிலவறையில் முந்நூற்றுநாலு

ஏப்ரல் 4, 2022, திங்கள்

மழை. வெளியே ஏழு பாகை, நிலவறையில் இருபத்தாறு. ஜாக்கெட்டை எங்கே கழற்றி வைத்தேனோ, இன்னும் தேடுகிறேன்.

வேலை தொடங்கி ஏழாவது கிழமை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு மாடிக் குடியிருப்புக்குக் கீழே, முன்பு கார் விட்ட இடம். இப்போது இரண்டு அறை, அறைக்கு நாற்பது கஞ்சாச் செடி. போதை இல்லாத சாதி, எல்லாம் சட்டப்படி. பூவைக் காயவைத்துத் தேநீருக்கு விற்கிறார்கள். மனைவி வாசுகி தன் தமக்கையிடம் சொல்லி வைத்திருப்பது: "அவர் பூக்கொம்பனியிலை." பொய்யென்றும் சொல்ல முடியாது.

என் பொறுப்பில் இரண்டு எண்கள். காபனீரொட்சைட்டு (CO₂), இனிமேல் கா. ஈரப்பதன், இனிமேல் ஈ. செடி தின்று பருக்க கா. ஆயிரத்துக்குக் கிட்ட நிற்க வேண்டும். ஈ. ஐம்பதைத் தாண்டினால் பூவில் பூஞ்சணம். விஞ்ஞானத்தில் இரண்டு தரம் தவறியவனை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள்.

முதலாளி பஸ்தியான் இன்று லியோனுக்குப் போய்விட்டான். இருபத்திரண்டாம் தேதிதான் வருவான். போகும்போது சொன்னது: மே நடுவில் சோதனைக்காலம் முடிகிறது, அறுவடையை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் செ.டே.ஈ. அதுதான் நிரந்தர ஒப்பந்தம். அது இல்லாமல் ஓல்னேயில் பார்த்த வீட்டைத் தரமாட்டேன் என்கிறாள் வீட்டுக்காரி.

இரண்டு அறை வீடு. வாசுகி ஆசைப்படுவது அறைக்கில்லை, அறைகளுக்கு நடுவில் இருக்கும் கதவுக்கு. விடிய நாலு மணிக்கு அலுவலகம் துப்புரவாக்கப் போகிறவள், பின்னேரம் ஏழுக்கே படுக்க வேண்டும். இப்போது எங்களுக்கு இருப்பது ஒற்றை அறை. எனக்கு இருப்பது இந்த வாய்.

"அந்தக் கதவைச் சாத்திப்போட்டு ஒரு நாளாவது நித்திரை கொள்ளவேணும்," என்றாள் நேற்று. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள்.

ஏப்ரல் 6, புதன்

கா. வாயு கொண்டுவரும் லொறி வரவில்லை. வேலைநிறுத்தம். தொலைபேசியில் ஒருத்தி: "மாதக் கடைசியில் வரலாம்." வரலாமாம்.

மத்தியானத்தோடு சிலிண்டர் காலி. மாலை கா.: முதல் அறை 340, இரண்டாம் அறை 330. தெருக்காற்றிலேயே நானூறு இருக்கும். செடிகள் பட்டினி.

பஸ்தியானுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நிறை குறைந்தால் குறைந்ததுதான், லொறியைக் காரணம் சொல்லாதே," என்றான். அவனுக்கு நிறை. எனக்குக் கதவு.

வாங்க: பாண், பருப்பு, பல்லுக்கொதிக்கு மாத்திரை.

ஏப்ரல் 7, வியாழன்

ஒரு விஷயம் நடந்தது. இரண்டாம் அறையில் நின்றபடி கனடா அக்காவோடு நாற்பது நிமிடம் கதைத்தேன். அவளுடைய முழங்கால், மச்சானுடைய கார், பிறகு திரும்ப முழங்கால். வைத்துவிட்டுப் பார்த்தால் கா. 520. மீற்றர் பழுது என்று இரண்டு தட்டுத் தட்டினேன். முதல் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே அதே 340.

சரி என்று இரண்டாம் அறைக்குத் திரும்பி, ஒருவரும் இல்லாமலே அரை மணி கதைத்தேன். ஓல்னே வீட்டுக்காரியைப் பற்றி. கா. 610.

மூச்சில் போவது அதுதானே. ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக என் கதையால் ஒரு உயிருக்குப் பிரயோசனம். வாசுகியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப அங்கையே எல்லாத்தையும் கதைச்சு முடிச்சுப்போட்டு வாங்கோ."

ஏப்ரல் 9, சனி

குரல் போய்விட்டது. உப்புத் தண்ணீரால் கொப்பளிப்பு. வாசுகி பதினொரு மணிநேரம் தூங்கினாள்.

நாற்பது செடிக்கு ஒரு ஆளின் மூச்சுக் காணாது. யோசித்தேன். லா ஷப்பலிலேயே அதிகம் சத்தம் போடுகிறவர் யார்? யோசிக்க ஒன்றுமில்லை. மணியண்ணை. உணவகத்தில் கோப்பை கழுவி ஓய்வு பெற்றவர். கூட மூன்று பேர். நாலு பேரும் தினமும் சீட்டு, முந்நூற்றுநாலு என்கிற ஆட்டம். சத்தம் தாங்காமல் போன கிழமைதான் தேநீர்க் கடைக்காரன் கலைத்துவிட்டான். இப்போது மழையில் பஸ் தரிப்பிடத்தில் இருந்து விளையாடுகிறார்கள்.

ஏப்ரல் 10, ஞாயிறு

கூட்டிக்கொண்டு போனேன். விதிப்படி கூடாது, தெரியும். மடிக்கிற மேசை ஒன்று, கதிரை நாலு, இரண்டாம் அறையின் நடுவில்.

மணியண்ணை செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, இது அதெல்லே?"

"அது இல்லை அண்ணை. அதின்ரை ஒன்றுவிட்ட தம்பி. வெறிக்காது."

"அப்ப ஏன் வளக்கிறாங்கள்?" என்றார். நியாயமான கேள்வி. பிறகு கோட்டைக் கழற்றினார், அரைக்கை பெனியனோடு இருந்தார், "நல்ல வெக்கை," என்றார். அதோடு செடியை மறந்துவிட்டார்கள்.

ஒரு மணிநேரத்தில் கா. 780. துரும்புச் சீட்டை மாறிப் போட்டதற்குக் கூட்டாளியை மணியண்ணை ஏசத் தொடங்கியதும் 900. சமாதானமானதும் இறங்கியது. இடையில் நான் போய், "அண்ணை, முதல் ஆட்டத்திலை அவர் போட்டதும் பிழைதான்," என்று எடுத்துக் கொடுத்தேன். 1020.

ஈ. 49. கரையில் நிற்கிறது.

ஏப்ரல் 14, வியாழன். வருசப்பிறப்பு

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன்.

பஸ்தியானுக்குக் கணக்கு எழுதிக்கொண்டு வெளி மேசையில் இருந்தேன். உள்ளே சத்தம், சந்தோஷப்பட்டேன், கா. ஏறட்டும் என்று. பிறகு பார்த்தால் மீற்றரில் ஈ. 81.

ஓடினேன். செடிகளுக்கு நடுவில் மின்சாரச் சோற்றுப்பானை. மணியண்ணை வாடகைக்கு இருக்கும் அறையில் சமைக்க விடமாட்டார்களாம். நல்ல நாள், புக்கை பொங்காமல் விடுவதோ என்று பானை, பச்சரிசி, சர்க்கரை, பால் எல்லாம் பையில் கொண்டுவந்து, மூன்று செடியை நகர்த்திக் கிழக்குப் பக்கமும் பார்த்து வைத்திருக்கிறார். ஆவி மேலே விளக்கு வரைக்கும்.

"இதென்ன அண்ணை செய்திருக்கிறியள்?"

"பொறு தம்பி, இப்ப பொங்கிடும்."

பொங்கியது. ஈ. 86. ஈரத்தை இழுக்கும் இயந்திரத்தின் வாளியை மூன்று தரம் ஊற்றினேன். புக்கை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன், கோபத்தோடு.

ஏப்ரல் 18, திங்கள்

பானை இருந்த பக்கம் ஆறு செடியில் சாம்பல் நிறப் பூஞ்சணம். வெட்டிப் பையில் கட்டினேன். மணியண்ணை பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 22, வெள்ளி

பஸ்தியான் வந்தான். கைபேசியில் வரைபடம். முதல் அறை தட்டை. இரண்டாம் அறையில் தினமும் இரண்டு மணிக்கு ஒரு மலை.

"வாயு இல்லையே. இது என்ன?"

"ஆட்கள்," என்றேன். எதற்கும் வாய் வரும், அந்த நேரம் பொய்க்கு மட்டும் வரவில்லை.

"எத்தனை பேர்?"

"என்னோடு ஐந்து."

விரலால் கணக்குப் பார்த்தான். "ஐந்து பேருக்கு இவ்வளவு வராது. குறைந்தது ஒன்பது."

"ஐந்துதான். சீட்டு விளையாடினார்கள்."

"பதினான்காம் தேதி இந்த ஈரம்?"

"அது எங்களுக்கு வருசப்பிறப்பு."

கைபேசியைப் பையில் போட்டான். "நிறுத்துப் பார்த்த பிறகு கதைப்போம்." ஏசியிருக்கலாம். ஏசாதவனோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது.

வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் ஏசவில்லை. வீடு மாற என்று சேர்த்து வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டையாக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது.

ஏப்ரல் 28, வியாழன்

லொறி வந்தது. இப்போது வந்தது.

மே 12, வியாழன்

நிறுவை. ஆறு செடியும் போன பிறகும் இரண்டாம் அறையில்தான் நிறை கூட. பஸ்தியான் நம்பாமல் தராசை மாற்றினான். திரும்பவும் இரண்டாம் அறை. எல்லாவற்றிலும் பருத்தது மணியண்ணையின் முதுகுக்குப் பின்னால் நின்ற நாலு செடி.

கையெழுத்துப் போட்டான். செ.டே.ஈ. என் பையில். பிறகு ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினான்: உள்ளே ஒருவர் மட்டும். சோறு சமைக்கக் கூடாது.

மணியண்ணைக்குச் சொன்னேன். "அப்ப எங்களுக்கு ஒப்பந்தம் இல்லையோ?" என்று கேட்டார். பகிடிதான். ஆனாலும் பஸ் தரிப்பிடத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்கு ஒரு இடம் தேட வேண்டும்.

ஜூன் 3, வெள்ளி

ஓல்னே. புது வீடு. பெட்டிகளைப் பிரிக்கவில்லை, தேயிலையைக் காணவில்லை.

ஏழு மணி, வெயில் இன்னும் போகவில்லை. வாசுகி கதவைச் சாத்தினாள். நல்ல கதவு, சத்தமே இல்லை. நான் இந்தப் பக்கம் கதிரையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அக்காவின் அழைப்பையும் எடுக்கவில்லை.

அரை மணி போயிருக்கும். கதவு ஒரு சாண் திறந்தது.

"என்ன, சுகமில்லையோ உங்களுக்கு?"

"ஏன்?"

"ஒரு சத்தத்தையும் காணேல்லை. நித்திரை வருகுதில்லை." திரும்பிப் போய்ப் படுத்தாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே இருந்து: "எதையாவது கதையுங்கோவன்."

வாயு லொறியிலிருந்து தொடங்கினேன். புக்கைக்கு வருவதற்குள் குறட்டை.