கண்டக்டரின் இரட்டை நட்சத்திரம்

8.8.96, வியாழன்
காலையிலிருந்து ஆடிக்காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். பட்டறையில் அரை நாள் கரண்ட் இல்லை.

மாலை கதிர்வேல் வந்தான். அன்னூர் பஸ் கண்டக்டர். எங்கள் நாணயச் சங்கத்தில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ரூபாய்க் காசை நீட்டினான். வருஷத்துக்குக் கீழே, எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் நட்சத்திரம் இரண்டாகத் தெரிகிறது. பையில் சில்லறையோடு வந்ததாம்.

"ஏனுங்ணா, இது நெசமான ரெட்டைங்களா, சும்மா ஆடுனதுங்களா? வெச்சுப் பாருங்க. ஞாயித்துக்கெழம கூட்டத்துல சொல்லிப்போடுங்க."

வயிறு எரிகிறது. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். இதே வருஷம், இதே இரட்டை நட்சத்திரம், சங்கத்தில் என்னிடம் மட்டும்தான் உண்டு. அதற்காக மூன்று வருஷம் லென்ஸும் கையுமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். இவனுக்கு டிக்கெட் கிழிக்கும்போதே கிடைக்கிறது.

9.8.96, வெள்ளி
தூறல். ரேஷன் சர்க்கரை மறந்தேன். வீட்டுக்காரி சரசுவிடம் வசவு.

கதிர்வேல் காசை லென்ஸில் பார்த்தேன். ஆடினதுதான் என்று சொல்லிவிட ஆசை. பட்டறையில் தகட்டில் அச்சு அடிக்கும் பிரஸ் ஓட்டுகிறவன் நான், எனக்குத் தெரியாததா. அடிக்கும்போது அச்சு ஆடினால் குறி தட்டையாக, படி மாதிரி விழும். பக்கத்து எண்களும் அதே பக்கம் சரியும். அந்த மாதிரி கூடை கூடையாகக் கிடைக்கும். அச்சிலேயே குறியை இரண்டு தரம் குத்தியிருந்தால்தான் நிஜம். இரண்டு நட்சத்திரமும் புடைத்து, முனை பிளந்து நிற்கும். எண்கள் சுத்தமாக இருக்கும்.

எண்கள் சுத்தம். முனை பிளந்திருக்கிறது. நாசமாய்ப் போக.

ஒப்பிட என்னுடையதை எடுத்தேன். மூன்று வருஷமாக நட்சத்திரத்தையே பார்த்துப் பூரித்திருக்கிறேன், எண்களைப் பார்க்கவே இல்லை. கடைசி இரண்டு எண்ணும் சரிந்திருக்கின்றன. நட்சத்திரம் தட்டை.



10.8.96, சனி
மாற்றிவிட்டேன். அவன் காசு என் ஆல்பத்தில், என் காசு அவன் கவரில். தேய்மானம் இரண்டுக்கும் ஒன்றுதான், அவனுக்குத் தெரியாது. சரசு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டருக்கு எதற்கு இதெல்லாம்.

11.8.96, ஞாயிறு
கூட்டம். 14 பேர். வடையில் உப்பு அதிகம்.

கவரைப் பிரித்து, எண் சரிந்திருப்பதை லென்ஸில் ஒவ்வொருவருக்கும் காட்டினேன். அந்தக் காசைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். கதிர்வேல் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கு உள்ளே குளிர்ந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு காசை என் கையிலேயே வைத்து மூடினான்.

"நெசமா இருந்தா எல்லாரு முன்னாலயும் உங்களுக்கே குடுத்துப்போடலாம்னு இருந்தேனுங்ணா. உங்க காசுக்கு சோடியா இருக்கட்டும்னு. செரி, பொய்யின்னாலும் நீங்களே வெச்சுக்குங்க."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டான்.

வீட்டில் இரண்டையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரசு காப்பி கொண்டுவந்தாள்.

"ஏனுங்க, இதுல உங்களுது எது?"

எண் சரிந்ததைத் தொட்டுக் காட்டினேன்.