இடப்பக்கச் சுவரின் பன்னிரண்டு சென்டிமீட்டர்

ஐயோ, நீ சரியாகத்தான் அளந்திருக்கிறாய்!

இன்று காலை டிரெஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் புதிதாக வந்த கட்டடக்கலை இதழைப் புரட்டினேன். நம் வீடு! ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் நீ அளந்துவந்த அந்தப் பதினேழாம் நூற்றாண்டுச் செங்கல் வீடு. பழுதுபார்க்க இடப்பக்கச் சுவரைத் திறந்திருக்கிறார்கள். செங்கல்லுக்குப் பின்னால் கறுத்த மரத்தூண்கள். அதற்கும் முந்தைய மரவீடு ஒன்றை இடிக்காமல், அந்தப் பக்கம் அதை ஒட்டியே செங்கல்லை எழுப்பியிருக்கிறார்கள்.

நாம் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய பாட வேலை அது; எனக்குப் பிரிட்டிஷ் விசா கிடைக்காததால் நீ தனியாகப் போனாய். திரும்பி வந்து மூச்சுவிடாமல் பேசினாய். "ஒரு கல்லை நீளமா, அடுத்ததைக் குறுக்கா வச்சு, வரிசை மாறாம கட்டியிருக்காங்கடி. தொட்டா கையை எடுக்க மனசே வரல." வரைவது என் வேலை. இடப்பக்கச் சுவர் வலப்பக்கத்தைவிடப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தடிமன் என்று நீ குறித்திருந்தாய். வாசலுக்கு இருபுறமும் ஒரே மாதிரி சன்னல், ஒரே மாதிரி புகைபோக்கி. சுவர் மட்டும் எப்படி மாறும்? "டேப்பை ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று சிரித்தேன். உன்னைக் கேட்காமலே இரண்டையும் சமமாக்கி வரைந்துவிட்டேன். அந்த வீட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவள் நான்!

நம் பேராசிரியர் கண்டுபிடித்துவிட்டார். குறிப்பில் ஓர் அளவு, படத்தில் ஓர் அளவு; மாற்றியது யார்? உண்மை தெரிந்திருந்தால் என் உதவித்தொகை போயிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்தாய். "தப்பா அளந்ததும் நான்தான், மாத்தினதும் நான்தான்" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன்னைப் பெயிலாக்கினார்கள். வெளியே வந்து, "விடுடி, சுவர்தானே" என்றாய். அந்த மாதமே திருச்சிக்குத் திரும்பினாய். போன வருஷம் மூன்றே நாள் காய்ச்சலில் இல்லாமல் போனாய்.

நீ நிஜமாகவே தப்பாக அளந்தாய் என்றுதான் இத்தனை நாள் நம்பினேன். அந்தத் தைரியத்தில்தான் நிம்மதியாகத் தூங்கினேன். மத்தியானம், நீ என்னிடம் விட்டுப்போன குறிப்பேட்டை முதல்முறையாகப் பிரித்தேன். அந்தச் சுவருக்கு நேரே ஒரே எண் மூன்று தடவை. கீழே உன் கிறுக்கல்: "மூணு தடவை பாத்தாச்சு. சரிதான்."

தெரிந்தேதான் எழுந்தாயா, பாவி?

நாளை பேராசிரியரைப் பார்க்கப் போகிறேன். அவரிடம் சொல்லிவிடுவேன், என்ன ஆனாலும் ஆகட்டும். உன் அம்மாவுக்கு எழுதுவதுதான் முடியவில்லை. "உங்கள் மகள் அளக்கத் தெரியாமல் பெயிலாகவில்லை" என்று எழுதிவிட்டேன். அடுத்த வரியில் என் பெயர் வர வேண்டும். சாயங்காலத்திலிருந்து அந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.